முதற்குடிப் பிள்ளைகளுக்கான காசு: கனடாச் செய்திகளைப் படிக்கும்போது விடும் பிழைகள்

கனடாவின் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான முதற்குடி (First Nations) மக்களின் சிறுவர் நலனுக்கென்று கனடா மத்திய அரசு பில்லியன் கணக்கில் காசு அறிவிக்கும்போதெல்லாம், "இவ்வளவு கொட்டியும் என்ன பிரயோசனம்?" என்ற கேள்வி நம்மவர் வாயிலும் வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் தொகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். அந்தக் காசு எப்போது, எதற்காக விடுவிக்கப்படுகிறது என்று பார்ப்பதில்லை. மற்றப் பிழைகளும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

1990களின் தொடக்கத்திலிருந்து பல மாகாணங்களின் ரிசர்வுகளில், அதாவது முதற்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளில், 'வழிகாட்டு விதி 20-1' என்ற நிதிக் கணக்கு நடைமுறையில் இருந்தது. பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்து வளர்ப்புக் குடும்பத்தில் விட்டால், அதற்கு ஆகும் உண்மைச் செலவை மத்திய அரசு அப்படியே கொடுக்கும். அந்தப் பிள்ளை பெற்றோருடனேயே இருக்க உதவும் வேலைக்கு, அதாவது குடும்ப ஆலோசனைக்கோ, போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவுவதற்கோ, நிலையான நிதி வரையறையின்படிதான் கிடைக்கும். அது போதவே போதாது. சமூகத்தில் நூற்றுக்கு 6 பிள்ளைகள் பராமரிப்பில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே ஊகித்துப் போட்ட கணக்கு அது. 1,000 பிள்ளைகளுக்குக் குறைவான மக்களுக்குச் சேவை செய்யும் அமைப்புகளுக்கு அந்த நிதியும் குறைந்துவிடும். ஆனால் சின்ன ஊர் என்பதற்காக அலுவலக வாடகையோ விமானப் பயணச் செலவோ குறையாது.

சின்டி பிளாக்ஸ்டாக் தலைமையிலான முதற்குடிச் சிறுவர் அமைப்பும் முதற்குடிகள் பேரவையும் சேர்ந்து 2007இல் முறைப்பாடு கொடுத்தன. 2016 ஜனவரியில் கனடிய மனித உரிமைகள் தீர்ப்பாயம் இதை இனப் பாகுபாடு என்றே தீர்த்தது. பிள்ளையைப் பிரித்தெடுப்பதற்கு இந்த நிதிமுறையே தூண்டுதலாக இருந்தது என்றும் சொன்னது. என் பார்வையில், அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்பட வேண்டிய பகுதி இதுதான்.

"பெற்றோர் கவனிக்கவில்லை, அதனால்தான் எடுத்தார்கள்" என்பது இன்னொரு பிழை. முதற்குடிப் பிள்ளைகள் பிரிக்கப்படும்போது கோப்புகளில் அடிக்கடி காணப்படும் காரணம் 'புறக்கணிப்பு'. அந்த ஒரு சொல்லுக்குள் நெரிசலான வீடு, வறுமை, போதைப் பழக்கம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் பல தமிழ்த் தாய்மாருக்குச் சிறுவர் பாதுகாப்பு அமைப்பான "சில்ட்ரன்ஸ் எய்ட்" என்ற பெயரைக் கேட்டாலே நடுக்கம். பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த குடியிருப்புப் பள்ளிகளுக்கும், 1960களில் பெருந்தொகையாக நடந்த தத்தெடுப்புகளுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த மக்களுக்கு அந்தப் பயம் தலைமுறை தலைமுறையாக வருவது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 வீதம், வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த பிள்ளைகளிலோ அவர்கள் 53.8 வீதம்.

நட்டஈட்டையும் சீர்திருத்த நிதியையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. 2023 ஒக்டோபரில் சமஷ்டி நீதிமன்றம் அங்கீகரித்த 23.34 பில்லியன் டொலர், ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கான நட்டஈடு. அதிலிருந்து இன்றைய சமூகப் பணியாளருக்குச் சம்பளம் போகாது. 10 ஆண்டுகளுக்கு 47.8 பில்லியன் என்று 2024இல் முன்வைக்கப்பட்டது சீர்திருத்தத்துக்கான வேறொரு கணக்கு. அதைக் கல்கரியில் கூடிய முதற்குடித் தலைவர்கள் அந்த ஒக்டோபரில் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். இரண்டையும் கூட்டி "எழுபது பில்லியன் கொடுத்தாயிற்று" என்பவருக்கு எது கொடுத்தது, எது பேச்சளவில் நின்றது என்பதே தெரியாது.

ஜோர்தான் கோட்பாட்டைச் சலுகை என்று நினைப்பதை மட்டும் என்னால் இலேசாக விட முடியவில்லை. மானிடோபாவின் நோர்வே ஹவுஸ் கிரீ சமூகத்தைச் சேர்ந்த ஜோர்தான் ரிவர் ஆண்டர்சனுக்குச் சிக்கலான மருத்துவத் தேவைகள் இருந்தன. இரண்டு வயதில் வைத்தியசாலையை விட்டுப் போகலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுபறிப்பட்டன. 2005இல், 5 வயதில், வைத்தியசாலையிலேயே அவன் இறந்தான். முதலில் பிள்ளைக்குத் தேவையானதைக் கொடு, கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள் என்பதே அவன் பெயரில் 2007இல் நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்ற கோட்பாடு. அதிகாரிகள் அதை மிகக் குறுக்கிப் பொருள்கொண்டதால் தீர்ப்பாயம் மறுபடி தலையிட வேண்டியதாயிற்று. அவசர விண்ணப்பத்துக்கு 12 மணி நேரத்தில் பதில் என்று கெடு வைத்த பிறகும், 2024இல் விண்ணப்பங்கள் பெருமளவில் தேங்கிக் கிடந்தன.

பூர்வகுடிகள் எல்லோரும் ஒரே திட்டத்தின் கீழ் வருகிறார்கள் என்று எழுதவும் வேண்டாம். இனுயிட், மெற்றி மக்களின் ஏற்பாடுகள் வேறு. ஜோர்தான் கோட்பாடு முதற்குடிப் பிள்ளைகளுக்கானது. அவர்கள் ரிசர்வுக்கு வெளியே வாழ்ந்தாலும் பொருந்தும்.

2020இல் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டம், தங்கள் பிள்ளைகளின் நலன் குறித்துத் தாங்களே சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பூர்வகுடி மக்களுடையதாக ஏற்கிறது. அதைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் உறுதிசெய்தது. அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதன் விதிகளில் எவ்வளவு நிதி என்று தேடிப் பார்க்கலாம். தொகை எதுவும் இல்லை. ஒவ்வொரு சமூகமும் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டும். சஸ்காச்சுவானின் கவெசஸ் முதற்குடி 2021இல் செய்துகொண்ட உடன்படிக்கையில் கிடைத்தது 38.7 மில்லியன் டொலர், இரண்டு ஆண்டுகளுக்கு. இப்படி ஒரு தொகை செய்தியில் வந்தால், அது எத்தனை ஆண்டுகளுக்கு என்ற வரியையும் தேடிப் படியுங்கள்.