ஜிசாக்ஸ் அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிய படலத்தின் மீது, பரப்பை ஒட்டிய மிகச் சிறிய கோணத்தில் எக்ஸ்-கதிரை வீசி, சிதறலிலிருந்து நானோ அளவிலான உள்ளமைப்பை அறியும் முறைதான் ஜிசாக்ஸ் (GISAXS). சிங்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ்-கதிர் தரும் துகள் முடுக்கியில்) பீம் நேரம், அதாவது கதிரைப் பயன்படுத்தும் நேர ஒதுக்கீடு, கிடைப்பதே அரிது. அதைப் புதிதாக வரும் மாணவர்கள் ஒரே மாதிரித் தவறுகளில் தொலைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சில்வர் பெஹனேட் என்ற தரப் பொருளை வைத்து டிடெக்டர் தூரத்தைச் சரிபார்ப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மோட்டார் காட்டும் கோணத்தை நம்புவது

எனக்கு இன்னும் ஆற்றாமை தரும் தவறு இதுதான்: சாம்பிளைச் சாய்க்கும் மோட்டார் காட்டும் எண்ணையே, கதிர் பரப்பில் படும் கோணம் (படுகோணம்) என்று எடுத்துக்கொள்வது. படுகோணம் ஒரு பொருளின் மாறுநிலைக் கோணத்துக்குக் கீழே இருந்தால் கதிர் எதிரொளித்துவிடும், மேலே இருந்தால் உள்ளே நுழையும். 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் பாலிஸ்டைரீனின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 0.16°, சிலிக்கானுக்கு 0.22°. சிலிக்கான் சில்லின் மேல் பாலிஸ்டைரீன் படலம் இருக்கும்போது, படுகோணத்தை இரண்டுக்கும் நடுவே 0.18° வைத்தால் படலம் முழுவதும் கதிர் நுழையும். அடியில் சிலிக்கான் அதைத் திருப்பி அனுப்பும். அதே கோணம் 0.13° ஆகிவிட்டால் மேற்பரப்பின் சில நானோமீட்டர்தான் தெரியும்.

ஒரு மாணவர் முதல் சாம்பிளை ஒழுங்காக நேர்ப்படுத்தினார். அப்புறம் சூடேற்றிப் பதப்படுத்திய படலத்தை அதே இடத்தில் வைத்து, அதே எண்ணில் அளந்தார். சிதறல் வெகுவாகக் குறைந்திருந்தது. சூடேற்றியதால் உள்ளமைப்பு கலைந்துவிட்டது என்று கட்டுரை வரைவே எழுதிவிட்டார். உண்மையில் சாம்பிள்தான் சாய்ந்திருந்தது. 10 மி.மீ. நீளச் சில்லு 0.05° சாய, ஒரு முனை 9 மைக்ரோமீட்டர் உயர்ந்தால் போதும். அடியில் சிக்கிய ஒரு தூசியே அதைச் செய்துவிடும்.

சாம்பிள் மாற்றும்போதெல்லாம் மறுபடி நேர்ப்படுத்துங்கள். பிறகு நேரடி பீமுக்கும் எதிரொளிப்புப் புள்ளிக்கும் உள்ள தூரத்தை டிடெக்டரில் அளந்து பாருங்கள்; அந்தக் கோணம் படுகோணத்தைப் போல இரு மடங்கு. டிடெக்டர் 2 மீட்டரில் இருந்தால் 0.18°-க்கு 12.6 மி.மீ., 0.13°-க்கு 9.1 மி.மீ. கண்ணாலேயே தெரியும் வித்தியாசம். அந்த மாணவரின் படத்திலும் அது இருந்தது, யாரும் அளக்கவில்லை.

வேறொருவர் கட்டுரையிலிருந்து கோணத்தை எடுப்பது

ஆற்றல் கூடினால் மாறுநிலைக் கோணம் குறையும். 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் சிலிக்கானுக்கே 0.15° அளவுதான். அங்கே 0.18° வைத்தால் கதிர் சிலிக்கானுக்குள்ளும் இறங்கிவிடும்.

யோனேடா பட்டையை அமைப்பு என்று எண்ணுவது

யோனேடா பட்டை என்பது டிடெக்டர் படத்தில் கிடையாகத் தெரியும் பிரகாசமான பட்டை. வெளியேறும் கோணம் மாறுநிலைக் கோணத்தைத் தொடும் இடத்தில் சிதறல் பெருகுவதால் வருவது அது. செங்குத்துத் திசையில் அங்கே தெரியும் உச்சியை அடுக்கு இடைவெளியாக மாற்றாதீர்கள்.

ஒரே இடத்தில் நெடுநேரம் சுடுவது

பாலிமர் கெடும். இடம் மாற்றுங்கள்.