கிட்டார் பெடலை இணையத்தில் கேட்டுத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் கிட்டார் வாசிப்போரில் பலர் எஃபெக்ட்ஸ் பெடல்களை (கிட்டாரின் ஒலியை மாற்றும், காலால் மிதித்து இயக்கும் சிறு கருவிகளை) முதலில் இணையத்தில் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். யூடியூபில் டெமோ பார்க்கலாம். குமிழ்களைத் திரையிலேயே திருப்பிக் கேட்க உதவும் தளங்கள் உண்டு. கணினியில் பெடலைப் போலிசெய்யும் மென்பொருளான பிளக்-இன்னாகவும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால், கேட்கும் ஒலியில் பெடலின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் முடிவெடுப்பதால்தான் வாங்கிய பெடல் சில வாரங்களில் கரோசல் தளத்தில் மறுவிற்பனைக்கு வந்துவிடுகிறது.

பெரும்பாலானோர் சறுக்கும் முதல் இடம் சத்தத்தின் அளவு. ஒரே ஒலியைச் சற்று உரக்கக் கேட்டாலே அது செறிவானதாகத் தோன்றும். மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண்களைக் காது குறைவாகவே உணர்கிறது என்பதையும், சத்தம் கூடும்போது அந்தக் குறை சுருங்குகிறது என்பதையும் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். டெமோவில் ஒருவர் ஃபுட்சுவிட்சை மிதிக்கும் நொடியில் லெவல் குமிழ் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். மிதித்ததும் மொத்தச் சத்தமும் கூடுகிறது என்றால், நாம் ரசித்த வேறுபாட்டில் ஒரு பகுதி வெறும் சத்தக் கூடுதலே. அந்தப் பகுதியில் ஒலியைச் சற்றுக் குறைத்து, பெடல் இயங்காத பகுதியோடு சமப்படுத்திக் கேட்டால் மயக்கம் பாதி தெளிந்துவிடும்.

அடுத்தது, பெடலுக்குப் பின்னால் நின்று ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பை மறந்துவிடுவது. இபனெஸ் டியூப் ஸ்கிரீமர் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடு அதிர்வெண்களை முன்னே தள்ளும் ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும்) பெடல். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் அதை உரக்கத் திறந்துவைத்த ஃபெண்டர் ஆம்ப்புகளுக்கு முன்னால் வைத்து வாசித்தார். ஏற்கெனவே உறுமத் தொடங்கிய வால்வ் ஆம்ப்பை அது மேலும் உந்திவிடும்போது அதன் குணம் முழுமையாக வெளிப்படும். அதையே சுத்தமான ஒலியில் வைத்த சிறிய பயிற்சி ஆம்ப்பில் செருகினால், மூக்கடைத்துப் பேசுவதுபோல ஒலிக்கக்கூடும். பெடலில் கோளாறு எதுவும் இருக்காது. ஆகவே எந்த ஆம்ப், எந்த மைக், கிட்டாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பகுதி) சிங்கிள்-காயிலா ஹம்பக்கரா என்ற விவரங்களைத் தராத டெமோவை வைத்து ஓவர்டிரைவ் பெடல் வாங்காமல் இருப்பதே நல்லது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் இரவு பத்து மணிக்கு வால்வ் ஆம்ப்பைத் திறந்துவிட முடியாது என்பதால், நம்மில் பலர் கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் ஹெட்ஃபோனைச் செருகித்தான் வாசிக்கிறோம். இங்கேதான் ஏமாற்றம் மிகக் கடுமையாக வரும். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெகுவாக வடிகட்டிவிடுகிறது. அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்டார்ஷன் பெடலை நேரே இன்டர்ஃபேஸில் இணைத்தால், டெமோவில் கேட்ட கனத்த ஒலிக்குப் பதிலாக வண்டு ரீங்கரிப்பதுபோன்ற கூர்மையான இரைச்சலே வரும். கேபினெட்டை (ஆம்ப்பின் ஸ்பீக்கர் பெட்டியை)ப் போலிசெய்யும் மென்பொருளையோ கருவியையோ சங்கிலியின் கடைசியில் சேர்க்க வேண்டும். அந்தச் செலவையும் பெடலின் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

விரலின் அழுத்தத்துக்குப் பெடல் எப்படி இணங்குகிறது என்பதைப் பதிவுசெய்த ஒலியைக் கொண்டு அறிய முடியாது. ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்களில் கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தாலே கரகரப்பு அடங்கி ஒலி தெளியும்; அதற்கு முன்னால் பஃபர் (சைகை வலுவிழக்காமல் காக்கும் மின்சுற்று) உள்ள வேறு பெடலை வைத்தால் அந்தக் குணமே மாறிவிடும். திரையில் குமிழ் திருப்பும் தளம் இதைச் சொல்லித் தராது.

ராகம் வாசிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் டெமோக்களில் பெரும்பாலும் ப்ளூஸும் ராக்குமே ஒலிக்கின்றன. டிலே பெடலில் முந்தைய சுரத்தின் எதிரொலி, இழுத்து அசைக்கும் அடுத்த சுரத்தின்மேல் விழுந்து கமகத்தைக் குழப்பும். ஹார்மனி பெடல்களில் பல, மேஜர், மைனர் ஸ்கேல்களை மட்டுமே அறிந்தவை. மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபமும் அந்தர காந்தாரமும் சேர்ந்து வருகின்றன. அந்தச் சேர்க்கை அவ்விரு ஸ்கேல்களிலும் இல்லாததால், பெடல் துணைக்கு எழுப்பும் சுரம் ராகத்தைவிட்டு வெளியே போய் நிற்கும். நீங்கள் உண்மையில் வாசிக்கும் ஒரு பகுதியை எஃபெக்ட் எதுவுமின்றிப் பதிவுசெய்து, அதைப் பிளக்-இன் வழியே ஓடவிட்டுக் கேட்பது இத்தகைய பெடல்களுக்கு எந்த டெமோவையும்விடப் பயனுள்ள சோதனை.

மின்சாரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தவறினால் பெடலே போய்விடும். பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். விதிவிலக்குகள் உண்டு என்பதால் பெடலின்மேல் அச்சிட்டதைப் படியுங்கள். எளிய டிஸ்டார்ஷனுக்குச் சில மில்லிஆம்பியர் போதும். பெரிய டிஜிட்டல் ரிவெர்ப் 300 மில்லிஆம்பியர்கூடக் கேட்கலாம். அமெரிக்காவிலிருந்து வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதென்றால் நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது.

விலையை ஒப்பிடும்போது வரியைச் சேர்க்காமல் விடுவதும் வழக்கமான பிழை. 2023 ஜனவரி முதல், பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பொருள் சேவை வரி வசூலிக்கிறார்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு. அனுப்பும் செலவும் சேர்ந்தால், பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடையில் உங்கள் கிட்டாரையே எடுத்துச் சென்று, வீட்டிலுள்ள ஆம்ப்பின் வகையிலேயே செருகிக் கேட்டு வாங்குவதற்கும் இணையத்தில் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் மிகச் சிறியது.