குமரி மாவட்டத்துச் சின்னக் கடையில் கேம் கன்ட்ரோலர் மொத்தமாக வாங்கி விற்பது எப்படி?

மார்த்தாண்டத்தில் மொபைல் கவர், சார்ஜர் விற்கிற கடை என்னுடையது. போன வருஷம் கன்ட்ரோலரும் இறக்கினேன். முதல் சுற்றில் எடுத்த 20 பீஸில் 9 திரும்பி வந்தன. இரண்டாம் சுற்றில் ஒன்றுகூட வரவில்லை. நடுவில் என்ன மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு. கடை லைசென்ஸ், கரன்ட் அக்கவுன்ட் பற்றி எழுதவில்லை, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

படி 1: கேட்பவர்களைக் குறித்து வையுங்கள்

இரண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்கள். பையன்கள் 'ஜாய்ஸ்டிக் இருக்கா?' என்றுதான் கேட்பார்கள். எதில் மாட்ட என்று திருப்பிக் கேட்டு எழுதுங்கள். குளச்சல், தூத்தூர் பக்கம் கால்பந்துப் பைத்தியம் அதிகம். கல்ஃபிலிருந்து அண்ணனோ மாமாவோ கொண்டுவந்த பிளேஸ்டேஷனுக்கு இரண்டாவது கன்ட்ரோலர் தேடி வருவார்கள். காலேஜ் பையன்களிடம் லேப்டாப். மீதிப் பேரிடம் போன் மட்டும்.

இந்த மூன்றும் மூன்று சரக்கு. பிசிக்கான சாதாரண வயர் கன்ட்ரோலர் பிளேஸ்டேஷன் 4, 5-இல் (பிஎஸ்4, பிஎஸ்5) வேலை செய்யாது. பிஎஸ்4 கன்ட்ரோலர் பிஎஸ்5-இல் இணையும், ஆனால் அதில் பிஎஸ்4 கேம்தான் ஆடலாம், பிஎஸ்5 கேம் ஆட முடியாது. எக்ஸ்பாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் புதிய சீரீஸ் மெஷினிலும் ஓடும்.

படி 2: போனுக்கு என்று கேட்டால் நிறுத்தி விசாரியுங்கள்

நான் அடிபட்டது இங்கேதான். அட்டையில் 'ஆண்ட்ராய்டு சப்போர்ட்' என்று அச்சடித்திருந்தது, அதை நம்பி விற்றேன். மறுநாள் காலை ஷட்டர் தூக்கும்போதே ஒரு பையன் பெட்டியோடு நின்றான். "அண்ணா, இதுல ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஓடல்ல." அவன் போனில் நானே மாட்டிப் பார்த்தேன். போன் கன்ட்ரோலரை அடையாளம் கண்டது, முகப்புத் திரையில் ஐகான்கள் நகர்ந்தன. கேமுக்குள் போனதும் எந்த பட்டனுக்கும் அசைவில்லை. கன்ட்ரோலரில் பழுது இல்லை. போன் ஏற்றுக்கொள்வது வேறு, கேம் ஏற்றுக்கொள்வது வேறு. கால் ஆஃப் டியூட்டி மொபைல் சில கன்ட்ரோலர்களை ஏற்கும், விரலால் தொட்டு ஆடுவதற்கென்றே செய்த பல கேம்கள் ஏற்காது.

அவனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த 9-இல் 7 இதே கதை. இப்போது பெட்டியை எடுக்கும் முன்பே, "எந்த கேமுக்கு மக்ளே?" என்று கேட்டுவிடுகிறேன். திரையில் தொடுவதைப் போலக் காட்டும் ஆப்பைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்லி விற்காதீர்கள். அதனால் பையனின் கேம் ஐடி முடக்கப்பட்டால் அந்த வீட்டுக்காரர் உங்கள் கடைக்கு மறுபடி வரமாட்டார்.

படி 3: யாரிடம் வாங்குவது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்பி ரோடு இரண்டிலும் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். நமக்குத் திருவனந்தபுரமும் பக்கம். எங்கே வாங்கினாலும் நாலு கேள்வி: குறைந்தது எத்தனை பீஸ், பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தருவார், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, ஜிஎஸ்டி பில் உண்டா?

பில்லில் நிஜ விலையைவிடக் குறைத்துப் போடுகிறேன் என்பவரை விட்டுவிடுங்கள். இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனைக்கு வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். வேறு மாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வந்தால் இ-வே பில் (சரக்கு வண்டியில் வருவதற்கான ஆன்லைன் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு 1 லட்சம். நீங்கள் கட்டிய வரி மாதந்தோறும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும் ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு வியாபாரி என் பில்லைத் தளத்தில் ஏற்றாமல் இரண்டு மாதம் இழுத்தடித்தார்.

என் தேர்வு: முதல் ஆர்டரில் பிசிக்கான வயர் மாடல் மட்டும், பத்து பீஸ். ரெட்கியர், காஸ்மிக் பைட், ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ் மாதிரி வாரன்டி தருகிற பிராண்டாகப் பார்த்து எடுங்கள். பெயரில்லாத ப்ளூடூத் மாடலை மலிவு என்று தொடவே வேண்டாம். ஹால் எஃபெக்ட் ஸ்டிக் (கட்டைவிரலால் அசைக்கும் குச்சி) உள்ளதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். அதில் அசைவை அளப்பது காந்தம்தான், அந்த இடத்தில் உரசித் தேயும் பாகம் இல்லை.

படி 4: வந்த அன்றே எல்லாவற்றையும் சோதியுங்கள்

லேப்டாப் பிரவுசரில் 'கேம்பேட் டெஸ்டர்' என்று தேடினால் இலவசப் பக்கங்கள் வரும். கன்ட்ரோலரை மாட்டி ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். அழுத்தும்வரை பக்கம் காலியாகவே இருக்கும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள். கையை எடுத்துவிட்டு ஸ்டிக்கின் எண்ணைப் பாருங்கள். 0.05-க்குள் நின்றால் நான் ஏற்றுக்கொள்வேன். 0.10-க்கு மேல் நின்றால் சில கேமில் ஆள் தானாக நடக்கலாம், மாற்றக் கேளுங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள்.

லேப்டாப்பில் கேம் மட்டும் எடுக்கவில்லையா? நிறைய மாடல்களில் ஹோம் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மோட் மாறும். பெரும்பாலான விண்டோஸ் கேம்களுக்கு எக்ஸ்இன்புட் மோட் (எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் போல இயங்கும் முறை) வேண்டும்.

பிற்சேர்க்கை: குளச்சலில் கடை வைத்திருக்கும் ஒருவர், யூஎஸ்பி முனை பச்சை பிடிக்கிறது என்று எழுதியிருந்தார். உப்புக் காற்று. டெமோ பீஸை மட்டும் வெளியே வைத்து, மற்றதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிப் போட்ட டப்பாவில் வையுங்கள்.

இன்னொருவர் காம்போசிஷன் திட்டம் (சின்னக் கடைகள் விற்பனையில் குறிப்பிட்ட சதவீதம் மட்டும் ஜிஎஸ்டி கட்டும் முறை) பற்றிக் கேட்டார். அதில் இருந்தாலும் கேரளாவிலிருந்து வாங்கலாம், ஆனால் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. களியக்காவிளை தாண்டி கேரளத்துப் பாறசாலைக்குக் கூரியரில் விற்று அனுப்பவும் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு வேண்டியதை நவம்பர் முதல் வாரமே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றாகச் சோதித்து, பழுதானதை மாற்றி வாங்க அந்த அவகாசம் வேண்டும்.