ஸ்பாரிங்ல உதைய தடுக்கறது எப்படி: ஆறு மாசம் தொடை வீங்கினவன் எழுதறது

ஆறு மாசம் என் இடது தொடை சொந்தக் கலர்ல இருந்ததே இல்ல. முதல்ல நீலம், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள், மஞ்சள் மறையறதுக்குள்ள அடுத்த ஸ்பாரிங் (பார்ட்னரோட போடற பயிற்சி சண்டை) வந்துரும். பாக்ஸிங்ல இருந்து கிக்பாக்ஸிங்குக்கு வந்தவன் நான், கை வந்தா சமாளிப்பேன், கால் வந்தா நட்ட கல்லு மாதிரி நிப்பேன். இப்பவும் பெரிய ஆளு ஒண்ணும் இல்ல, ஆனா அந்த தொடைப் பிரச்சனை தீந்துருச்சு, எப்படித் தீந்துச்சுன்னு எழுதி வெச்சா புதுசா வர்றவங்களுக்கு ஆகும்னுதான் இது. கார்டு போட்டு (கைய முகத்துக்கு முன்னாடி தூக்கி) நிக்கத் தெரியும், ஜாப் (முன்னாடி இருக்கற கையால நேர் குத்து) போடத் தெரியும்னு வெச்சுக்கறேன். இடது கால முன்னாடி வெச்சு நிக்கறவங்களுக்கு எழுதறேன், நீங்க வலது கால முன்னாடி வெக்கற சவுத்பானா இடவலத்த மாத்திப் படிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, உங்க விதி என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. டேக்வாண்டோ போட்டியில இடுப்புக்குக் கீழ உதைக்க அனுமதி இல்ல, அங்க லோ கிக் (கால்ல விழற உதை) பயமே கிடையாது. கியோகுஷின் கராத்தேல தொடையில தாராளமா உதைக்கலாம், ஆனா கையால முகத்துல குத்தக்கூடாது. நான் சொல்றது முவே தாய், கிக்பாக்ஸிங், எம்எம்ஏ (பல சண்டைக் கலையும் கலந்த போட்டி) பக்கம்.

சாமான்

மவுத்கார்டு (பல்லுக்கு), குரோயின் கார்டு (தொடை இடுக்குக்கு), ஷின் கார்டு (ஷின்னுக்கு, அதாவது முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்புக்கு). இது மூணும் இல்லாம உதை ஸ்பாரிங் போகாதீங்க, அவ்ளோதான். ஷின் கார்டுல சாக்ஸ் மாதிரி உள்ள நுழைச்சுப் போடறது ஒண்ணு இருக்கு, எனக்கு அது சுத்தமா பிடிக்காது, ரெண்டாவது ரவுண்டுலயே திரும்பி கெண்டைக்கால் பக்கம் போயிரும். பின்னாடி ரெண்டு ஸ்ட்ராப் போட்டு இறுக்கறது, பாதத்து மேல வரைக்கும் மூடறது, அதையே வாங்குங்க. கிளவுஸ் 16 அவுன்ஸ்.

ஸ்டெப் 1: கால பாக்காதீங்க

உதை வரும்னு பயந்து எதிராளி பாதத்தையே பாத்துட்டு இருந்தேன் நான். பாதம் கிளம்பறத பாத்துட்டு தடுக்கலாம்னா நேரமே இருக்காது, அதுக்கு நடுவுல மூக்குல ஒரு ஜாப் வேற வரும். நெஞ்சுப் பக்கம் பாருங்க. உதை வர்றதுக்கு முன்னாடி இடுப்பு திரும்பும், ஊணி நிக்கற கால் வெளிப்பக்கமா திரும்பும், நிறைய பேருக்கு அந்தப் பக்கத்துக் கை கீழ விழும். நெஞ்ச பாத்துட்டு இருந்தாலே இதெல்லாம் ஓரக்கண்ணுல தெரிஞ்சுரும்.

ஸ்டெப் 2: செக் (கால தூக்கி உதைய தடுக்கறது), நான் மாட்டிக்கிட்ட இடம்

எதிராளியோட வலது லோ கிக் உங்க முன்னங்கால் தொடைக்கு வெளிப்பக்கம் வந்து விழும். அதுக்கு முன்னாடி அந்தக் கால தூக்கி, முழங்கால உதை வர்ற பக்கமா ஒரு 45 டிகிரி வெளிய திருப்பி, ஷின்ன காட்டணும். உதை வந்து படவேண்டிய இடம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ, ஷின்னோட மேல் பாகம். எலும்பு அங்கதான் தடிமன், கணுக்கால் பக்கம் போகப்போக மெலிஞ்சுரும். கால்விரல மேல இழுத்து வெச்சுக்கோங்க, ஷின் பக்கத்து சதை இறுகும், கணுக்கால் ஆடாது. விரல தொங்கவிடச் சொல்ற கோச்சும் இருக்காங்க, எனக்கு மேல இழுத்தாதான் சரியா வருது. உங்க கை கார்டுலயே இருக்கட்டும், முழங்கைக்கும் முழங்காலுக்கும் நடுவுல பெரிய சந்து விடாதீங்க.

இத்தனையும் கோச் முதல் வாரமே சொல்லிட்டாரு. கண்ணாடி முன்னாடி நின்னு பண்ணா அழகா வரும். ஸ்பாரிங்ல மட்டும் கால் தரைய விட்டு எழும்பவே எழும்பாது. எனக்கு ஸ்பீடு பத்தலன்னு நெனச்சு நாலு மாசம் ஸ்கிப்பிங்கா போட்டுத் தள்ளினேன், ஒரு பிரயோஜனமும் இல்ல.

கடைசில மொபைல சைடுல வெச்சு வீடியோ எடுத்துப் பாத்தப்பதான் விஷயமே புரிஞ்சுது. பாக்ஸிங் பழக்கத்துல என் வெயிட்டு பாதிக்கு மேல முன்னங்கால்லதான் இருக்கு, ஸ்டான்ஸும் (கால் வெச்சு நிக்கற நிலை) ரொம்ப அகலம், அதனால கால தூக்கணும்னா முதல்ல உடம்ப பின்னாடி சாச்சு வெயிட்ட மாத்தணும், அப்புறம்தான் கால் எழும்பும், அந்த சாயற நேரத்துலயே உதை விழுந்து முடிஞ்சுருது. கால் மெதுவா எழும்பல, எழும்பறதுக்கு முன்னாடி தேவையில்லாம ஒரு வேலை நடந்துட்டு இருக்கு.

அதனால இதை செஞ்சு பாருங்க. ஸ்டான்ஸ்ல நில்லுங்க, போன் ரெக்கார்டு ஆகட்டும், யாரையாவது எதிர்பாராத நேரத்துல கைதட்டச் சொல்லுங்க, தட்டினதும் முன்னங்கால தூக்குங்க. தூக்கறதுக்கு முன்னாடி தலை பின்னாடி போச்சுன்னா உங்களுக்கும் என் வியாதிதான். ஸ்டான்ஸ கொஞ்சம் குறுக்குங்க, முன்னங்கால் குதிகால் தரையில அழுந்தாம லேசா இருக்கட்டும், உதை தூரத்துல நிக்கறப்ப வெயிட்டு கொஞ்சம் பின்னங்கால்ல இருக்கட்டும். தலை அசையாம கால் மட்டும் எழும்பற வரைக்கும் பண்ணுங்க. எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, தினமும் பத்து நிமிஷம்.

செக் பட்டா உதைச்சவனுக்கு என்ன ஆகும்னு தெரியாதவங்களுக்கு ஒரு கதை. 2013 டிசம்பர்ல யுஎஃப்சி 168ல (யுஎஃப்சி எம்எம்ஏ போட்டி நடத்தற அமைப்பு) ஆண்டர்சன் சில்வா லோ கிக் விட்டாரு, கிறிஸ் வைட்மேன் முழங்கால தூக்கி செக் பண்ணாரு, உதைச்ச சில்வாவோட கால் உடைஞ்சுது. 2021 ஏப்ரல்ல யுஎஃப்சி 261ல அதே வைட்மேன் யூரையா ஹாலுக்கு லோ கிக் விட்டாரு, செக்ல பட்டு வைட்மேன் கால் உடைஞ்சுது, ஆட்டம் ஆரம்பிச்சு 17 வினாடி. அதனால ஸ்பாரிங்ல பார்ட்னர் உதைக்கு நடுவுல போய் கால நிறுத்துங்க, இடிக்காதீங்க. முழங்கால் முட்டியால குத்தி செக் பண்றவன் கூட அடுத்த வாரம் யாரும் ஸ்பாரிங் வரமாட்டாங்க.

ஸ்டெப் 3: மத்த உதைங்க

விலாவுக்கு சுத்தி வர்ற ரவுண்ட்ஹவுஸ் உதைக்கும் அதே செக்தான், கால் இன்னும் மேல வரணும். கால் தூக்க நேரமில்லன்னா எதிராளிய ஒட்டி உள்ள நுழைஞ்சிருங்க. உதையோட வேகம் ஷின் நுனியிலதான், தொடை பக்கம் வந்துட்டா பாதி வலுகூட இருக்காது. ஒரு கைய மட்டும் கீழ இறக்கித் தடுக்காதீங்க, முன்கை எலும்பு ஷின் எலும்புக்கு ஈடு இல்ல, தவிர கை இறங்கினதும் தலை திறந்துரும், கெட்டிக்காரன் அதுக்குன்னே முதல் ரெண்டு உதைய கீழ போடுவான்.

நேரா வயித்துக்கு வர்ற டீப் உதைக்கு சைடுல ஒரு அடி வெச்சு, கணுக்கால் பக்கத்துல தட்டி திசைய மாத்திவிடுங்க. விரல விரிச்சு நீட்டாதீங்க, கட்டைவிரல் போயிரும்.

தலைக்கு வந்தா ரெண்டு கையும் அந்தப் பக்கம், முன்கை மண்டையோட ஒட்டி, தோள தூக்கி. கிளவுஸுக்கும் தலைக்கும் நடுவுல சந்து இருந்தா உங்க கிளவுஸே உங்கள அடிக்கும். ஹெட்கியர் போட்டா மூளை அதிர்ச்சி வராதுன்னு நம்பாதீங்க, அது வெட்டுக்காயத்தத்தான் குறைக்கும்.

எதைத் தடுத்தாலும் தூக்கின கால கீழ வெச்ச வேகத்துல ஒரு ஜாப், இல்ல பதிலுக்கு ஒரு உதை. சும்மா நின்னீங்கன்னா அவன் இலவசமா இன்னொண்ணு உதைப்பான்.

அப்டேட்: ஒருத்தர் கேட்டிருந்தாரு, எதிராளி சவுத்பா, செக் எல்லாம் சரியா பண்றேன், ஆனாலும் வயித்துல வாங்கறேன்னு. கரெக்ட், அதை நான் எழுதாம விட்டுட்டேன். சவுத்பாவோட இடது உதை உங்க வலது பக்கத்துக்கு வரும், அங்கதான் ஈரல் இருக்கு, முன்னங்கால வெச்சு செக் பண்ண அது எட்டாது. வலது முழங்கை விலாவ விட்டு நகரவே கூடாது, உங்க முன் பாதம் அவனோட முன் பாதத்துக்கு வெளிப்பக்கம் இருக்கற மாதிரி அவனோட இடது பக்கம் போகாம சுத்துங்க.

இன்னொரு அப்டேட்: காஃப் கிக் பத்தி மூணு பேர் கேட்டுட்டாங்க. அது முழங்காலுக்குக் கீழ, கெண்டைக்கால் வெளிப்பக்கம் விழற உதை. அங்க ஒரு நரம்பு எலும்பு ஓரமா போகுது, அடிபட்டா பாதத்த தூக்கவே முடியாம தொங்கிரும். கால உயரத் தூக்க வேணாம், பாதத்தையும் முழங்காலையும் வெளிப்பக்கம் திருப்பி ஷின் முன்பக்கத்த காட்டினா போதும், இல்லன்னா குதிகால் பின்தொடை பக்கம் போற மாதிரி கால பின்னாடி மடக்கி உதைய காத்துல விடுங்க. வெயிட்டு முன்னங்கால்ல இருந்தா ரெண்டுமே நடக்காது. பாதம் மரத்துப்போய் தரையில இழுபட ஆரம்பிச்சுதுன்னா அன்னிக்கு ஸ்பாரிங்க நிறுத்திருங்க, மறுநாளும் அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட போங்க.