பல மொழிக் குழந்தைகள் கூடும் அறையில் புதுப் பிள்ளையைப் பழக்குவது எப்படி

மேற்கு சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில்ஹில் வட்டாரத்து சைல்ட்கேர் சென்டர்களில், மூன்று வயது தாண்டிய பிள்ளைகளின் அறையில் 20 பேர் இருந்தால் வீட்டு மொழிகள் ஏழெட்டு இருக்கும். தமிழ், தெலுங்கு, பஞ்சாபி, நேபாளி, அரபு, மாண்டரின், ஆப்கானிஸ்தானில் பேசும் தாரி என்று கலந்து வருவார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆட்டிசம், ஒருவருக்குக் காது மந்தம், ஒருவருக்கு முட்டை ஒவ்வாமை இருப்பதும் வழக்கந்தான். நியூ சவுத் வேல்ஸ் விதிப்படி இந்த வயதில் 10 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் போதும். ஆக, அறையில் இரண்டே பேர். குழந்தைப் பராமரிப்புக்கான அடிப்படைப் படிப்பான செர்டிஃபிகேட் த்ரீ முடித்த கையோடு இந்த அறைக்குள் காலெடுத்து வைக்கும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

சுவரில் கொடிகளை ஒட்டலாம், பல பண்பாடுகளைக் கொண்டாடும் மார்ச் 21 ஹார்மனி டே அன்று ஆரஞ்சுச் சட்டை போடலாம். தவறில்லை. ஆனால் தாகம் எடுத்த பிள்ளை தண்ணீர் கேட்கத் தெரியாமல் நிற்கும்போது அறையில் யாருக்காவது அது புரிகிறதா? முதல் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

சேர்வதற்கு முன்

படிவத்தை நிரப்பி வாங்கினால் போதாது. அம்மாவையோ அப்பாவையோ அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். மொழி இடிக்கிறது என்றால் அரசின் மொழிபெயர்ப்பு சேவை 131 450 என்ற எண்ணில் இரவு பகலாகக் கிடைக்கும். மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்காவை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தம்பிக்கு வலிப்பு வந்த கதையை அந்தச் சிறுமி வாயால் சொல்ல வைப்பது கொடுமை. பாதி விவரம் விட்டும் போகும்.

கேட்க வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான். வீட்டில் எப்படித் தூங்குவான்? தட்டிக் கொடுக்க வேண்டுமா? கையால் சாப்பிடுகிறானா, யாராவது ஊட்டுகிறார்களா? கழிப்பறையில் தண்ணீரா, காகிதமா? எதற்குப் பயம்? அழும்போது எப்படிச் சமாதானம் ஆவான்? "ஸ்பெஷல் நீட்ஸ் ஏதாவது உண்டா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலான நம்மூர்ப் பெற்றோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். "அவனுக்கு எது கஷ்டமாக இருக்கும், நாங்கள் எப்படி உதவலாம்?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு எதுவாக இருந்தாலும் டாக்டர் எழுதிய செயல்திட்டமும் அதற்கான மருந்தும் முதல் நாளே சென்டரில் இருக்க வேண்டும். "திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்" என்றால் பிள்ளை திங்கட்கிழமையே வரட்டும். இதில் தாட்சண்யம் பார்க்க முடியாது.

பெயரை அம்மாவின் வாயால் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்து, அறையில் உள்ள எல்லோரும் கேட்டுப் பழகுங்கள். யாழினியை "யாஸ்" ஆக்குவது செல்லப் பெயர் ஆகாது.

பன்னிரண்டு சொல் தாள்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஏ4 தாள். அதில் பன்னிரண்டே சொற்கள்: தண்ணீர், பசி, பால், சிறுநீர், மலம், வலி, தூக்கம், வேண்டும், வேண்டாம், போதும், பயம், "அம்மா வருவாங்க". நடுவில் அந்த வீட்டில் சொல்லும் சொல், பக்கத்தில் அதை ஆங்கில எழுத்தில் எல்லோரும் படிக்கும்படி.

அகராதிச் சொல்லை எழுதாதீர்கள். நீங்கள் தமிழ்தானே, தமிழ்ப் பிள்ளைக்குத் தாள் எதற்கு என்று தோன்றும். ஒரு வீட்டில் பிள்ளை "உச்சா" என்கும், இன்னொரு வீட்டில் "மூச்சா", யாழ்ப்பாணத்து வீட்டில் "சூ". சோற்றுக்கு "மம்மு", பாலுக்கு "இங்கா" என்று சொல்லும் பிள்ளை உண்டு. "இங்கா, இங்கா" என்று அழுகிற பிள்ளையிடம் "இங்கேதான் இருக்கேன் செல்லம்" என்று சொல்லி அணைத்துக்கொண்டிருந்தால் பசி அடங்காது. தமிழுக்கே இப்படி என்றால் தாரியையும் நேபாளியையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தாளைக் கோப்பில் வைத்தால் பயனில்லை. டயபர் மாற்றும் மேசைக்கு மேலே, சாப்பாட்டு மேசை அருகே, தோட்டத்துக் கதவின் உட்பக்கம் என மூன்று நகல் ஒட்டுங்கள். வேறு அறையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மாற்றாக வருபவர்தான் அதை அதிகம் தேடுவார்.

முதல் இரண்டு வாரம்

முதல் நாள் ஒரு மணி நேரம், அம்மா கூடவே இருக்கட்டும். இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம், அதில் பதினைந்து நிமிடம் அம்மா வெளியே போய்வரட்டும். மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு வரை. அதற்குப் பிறகே முழு நாள். வாரத்தில் இரண்டு நாள்தான் என்றால் திங்கள், செவ்வாய் என்று அடுத்தடுத்து வாங்கச் சொல்லுங்கள். திங்களும் வெள்ளியுமாக வரும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் முதல் நாள்தான்.

அடிக்கடி கெட்டுப்போவது விடைபெறும் இடத்தில். பிள்ளை விளையாட்டில் லயித்திருக்கும்போது அம்மா நைசாக நழுவிவிடுவார். அன்று அழுகை குறையும். மறுநாள் பிள்ளை அம்மாவின் துப்பட்டாவை விடாது, ஏனென்றால் கண் அசந்தால் ஆள் காணாமல் போவார் என்று கற்றுக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்: "சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்." மணி சொல்லிப் பயனில்லை. சொன்னபடி வர வேண்டும், அவ்வளவுதான். அம்மா கட்டிய பழைய துணி ஒன்று, துவைக்காமல், பையில் இருந்தால் மதியத் தூக்கத்துக்குப் பெரிய துணை.

சாப்பாடு

நம் வீடுகளில் நாலு வயது வரை கதை சொல்லி ஊட்டுவது சாதாரணம். அந்தப் பிள்ளை இங்கே தட்டுக்கு முன் உட்கார்ந்து யாராவது ஊட்டுவார்கள் என்று காத்திருக்கும். "பசியில்லை போல" என்று தட்டை எடுத்துவிடுவார்கள். பக்கத்தில் உட்காருங்கள். முதல் வாரம் கரண்டியில் எடுத்துக் கையில் கொடுங்கள், அடுத்த வாரம் தட்டில் வைத்துவிடுங்கள். கை கழுவிவிட்டுக் கையால் சாப்பிடட்டும். ஃபோர்க் பிடிப்பது பிறகு வரும்.

"வெஜிடேரியன்" என்று எழுதியிருந்தால் முட்டை சேருமா என்று கேளுங்கள். காய்கறி சூப்பில் போடும் ஸ்டாக் பவுடர் கோழியுடையதா என்று சமையலறையில் பாருங்கள். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, சில தயிர் வகைகளில் ஜெலட்டின் இருக்கும். சைவக் குடும்பத்துக்கும் ஹலால் குடும்பத்துக்கும் அது ஆகாது. வீட்டுச் சாப்பாடு கொண்டுவரும் சென்டரில், கொட்டைகள் கூடாது என்று எழுதி ஒட்டினால் மட்டும் புரியாது. இட்லிக்கு வைத்த நிலக்கடலைச் சட்னியையோ பொங்கலில் கிடக்கும் முந்திரியையோ யாரும் "நட்ஸ்" என்று நினைப்பதில்லை. பெயர் சொல்லிப் பட்டியல் போடுங்கள். எள் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் எள்ளுப்பொடியையும் சேருங்கள்.

விளையாட்டு மாவிலும் இதே கவனம் வேண்டும். மைதாவில் பிசைந்ததைக் கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை தொட்ட கையை வாயில் வைக்கும். அவனைத் தனி மேசையில் உட்கார வைக்காமல் எல்லோருக்குமே இதைச் செய்துவிடுங்கள்: அரிசி மாவு அரை கப், கார்ன்ஃப்ளார் (கோதுமையில் செய்ததும் கடையில் உண்டு, சோளத்தில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள்) அரை கப், உப்பு அரை கப், கிரீம் ஆஃப் டார்ட்டர் 2 டீஸ்பூன், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 டீஸ்பூன். சிறு தீயில் கிளறினால் சில நிமிடத்தில் உருண்டு வரும். ஆறியபின் பிசையுங்கள். அரிசியும் பருப்பும் கொட்டி விளையாட விடுவது பல குடும்பங்களுக்கு மனம் ஒப்பாத காரியம். மணலும் தண்ணீரும் எதற்கும் குறைந்ததில்லை.

பேசாத மாதங்கள்

வீட்டில் வாயாடி, இங்கே வாய் திறப்பதே இல்லை. புது மொழிக்குள் வந்த பிள்ளைக்கு இது இயல்பு. சில வாரம் இருக்கும், சிலருக்குப் பல மாதம் நீளும். அந்த நேரம் முழுக்க அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. "ப்ளீஸ் சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று பிடிவாதம் பிடித்தால் அது இன்னும் உள்ளே ஒடுங்கும். செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கேள்வி கேட்டால் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். பேச்சு தேவைப்படாத பொறுப்பு கொடுங்கள்: மணி அடிப்பது, தட்டு எடுத்து வைப்பது. கையசைத்துப் பாடும் பாட்டைத் தினமும் அதே வரிசையில் பாடுங்கள். முதலில் கை வரும், பிறகு உதடு, கடைசியில் சத்தம். "மை டர்ன்", "ஃபினிஷ்ட்" போன்று முழுசாகப் பிடித்த சொற்றொடர்கள்தான் முதலில் வெளிவரும்.

இது மொழி பழகும் மௌனமா, வேறு கோளாறா என்று பிரிக்க முதல் வழி, வீட்டு மொழியைப் பற்றிக் கேட்பது. வீட்டில் வாக்கியமாகப் பேசுகிறானா? கூப்பிட்டால் திரும்புகிறானா? பாட்டி சொல்வது புரிகிறதா? வீட்டு மொழியிலும் தடுமாற்றம் என்றால் காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் காட்டி முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள், பிறகு பேச்சுப் பயிற்சியாளர். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்: "இனி வீட்டிலும் இங்கிலீஷ் பேசுங்கள்." பிள்ளை யோசிக்கக் கற்றுக்கொண்ட மொழி அது. அதைப் பிடுங்கினால் ஆங்கிலம் வேகமாக வராது, பாட்டியோடு பேச்சும் அற்றுப்போகும்.

அட்டைகள்

அன்றைய நாளைப் படமாகக் காட்டும் அட்டை வரிசை ஆட்டிசம் உள்ள பிள்ளைக்காகச் செய்வது என்றுதான் தொடங்குவார்கள். ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் அதுவே கைகொடுக்கும். உங்கள் அறையின் சொந்தப் புகைப்படங்களையே பயன்படுத்துங்கள். இணையத்திலிருந்து எடுத்த கார்ட்டூன் கட்டிலுக்கும் இங்குள்ள நீல மடக்குக் கட்டிலுக்கும் பிள்ளை முடிச்சுப் போடாது. 10 செ.மீ. சதுரம், லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ. ஒரு நேரத்தில் ஆறு அட்டைக்கு மேல் வேண்டாம். பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். முடிந்த வேலையின் அட்டையைப் பிள்ளையே கழற்றி "முடிந்தது" பெட்டியில் போடட்டும். அந்தக் கழற்றல்தான் அட்டையின் உயிர். பெரும்பாலான அறைகளில் அட்டை தோற்பதற்குக் காரணம், அது பெரியவர் உயரத்தில் அலங்காரமாகத் தொங்குவதும், தோட்டத்துக்குப் போகும் நேரம் மாறினாலும் யாரும் மாற்றி ஒட்டாததும்தான். இரண்டு முறை பொய் சொன்ன அட்டையைப் பிள்ளை மறுபடி பார்க்காது.

இத்துடன் "இன்னும்", "போதும்", "உதவி", "நிறுத்து", "கழிப்பறை" ஆகிய ஐந்துக்கும் கை சைகை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஆஸ்திரேலிய சைகை மொழியான ஆஸ்லானிலிருந்தே எடுங்கள். தாரியும் மாண்டரினும் பேசும் இருவர் சண்டையில்லாமல் ஊஞ்சலைப் பகிர "நிறுத்து" ஒன்றே போதும்.

அவசர வெளியேற்ற ஒத்திகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். சத்தம் தாங்காத பிள்ளைக்கும், போர் நடந்த நாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கும் அந்த அலாரம் சாதாரண ஒலியாக இருக்காது. முன்கூட்டியே அட்டையில் காட்டுங்கள், காதுமூடி தயாராக இருக்கட்டும், அந்தப் பிள்ளையின் கையை யார் பிடிப்பது என்று முந்தின நாளே முடிவு செய்யுங்கள்.

கூடுதல் ஆள் தேவை என்றால் அரசின் இன்க்ளூஷன் சப்போர்ட் புரோகிராம் வழியாகக் கேட்கலாம். அதற்கு முன் எல்லாப் பிள்ளைகளையும் அறையில் எப்படி இணைத்துக்கொள்வது என்று சென்டர் ஒரு திட்டம் எழுத வேண்டும், பிள்ளையின் சான்றுகளும் வேண்டும். நாளாகும் என்பதால் சேர்க்கை உறுதியான வாரமே தொடங்கிவிடுங்கள். சிறப்பு நாற்காலி, தூக்கும் கருவி போன்றவற்றை இரவல் வாங்கவும் வழியுண்டு. வரும் கூடுதல் ஆசிரியரை அந்த ஒரு பிள்ளையோடு ஒட்டவைத்துவிடாதீர்கள், மற்ற பிள்ளைகள் அவனை நெருங்கவே மாட்டார்கள். அவர் ஒரு சிறு கூட்டத்தோடு இருக்கட்டும், அந்தக் கூட்டத்தில் அவனும் இருக்கட்டும்.

பொம்மை, பண்டிகை, தோல் நிறம்

வீட்டு விளையாட்டு மூலையில் இட்லித் தட்டு, மூங்கில் ஆவிக்கூடை, சப்பாத்திக் கட்டை எல்லாம் வருடம் முழுக்கக் கலந்து கிடக்கட்டும். "இந்தியா வாரம்" என்று கொண்டுவந்து வெள்ளிக்கிழமை பெட்டியில் கட்டிவைத்தால் அது கண்காட்சி. இந்த வட்டாரம் தாருக் என்ற பழங்குடி மக்களின் நிலம் என்பதைத் தினமும் வட்டமாக உட்காரும் நேரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லுங்கள். ஆனால் பழங்குடியினரின் புள்ளி ஓவியத்தைப் பிள்ளைகளைக் கொண்டு நகலெடுக்க வைக்காதீர்கள். அந்தச் சின்னங்களுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள்.

"நீ கறுப்பு, இங்கே வராதே" என்று நாலு வயதுப் பிள்ளை சொல்வது நடக்கும். "உஷ், அப்படிச் சொல்லக் கூடாது" என்று மூடினால் நிறம் பேசக்கூடாத அசிங்கம் என்றாகிவிடும். முதலில் அடிபட்ட பிள்ளையிடம் போங்கள். பிறகு சொன்ன பிள்ளையிடம், கோபமில்லாமல், தெளிவாக: "அவள் தோல் பழுப்பு, உன் தோல் வேறு. நிறத்தைச் சொல்லி யாரையும் விளையாட்டிலிருந்து தள்ள இந்த அறையில் விடமாட்டேன்." அன்றே இரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்குப் போகும் முன்

ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளை அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே கிண்டர்கார்டன், அதாவது பள்ளியின் முதல் வகுப்பில், சேரலாம். அதற்கு முந்தைய ஆண்டின் கடைசிப் பருவத்தில், பெற்றோர் சம்மதித்தால், பள்ளிக்கு ஒரு மாற்ற அறிக்கை அனுப்புவீர்கள். எண் தெரியும், எழுத்துத் தெரியும் என்பதோடு நிறுத்தாமல், பெயரை எப்படி உச்சரிப்பது, வீட்டு மொழியில் எவ்வளவு பேசுகிறான், சத்தம் வந்தால் என்ன செய்வான், எந்தச் சைகை தெரியும் என்பதை எழுதுங்கள். புதுப்பித்த பன்னிரண்டு சொல் தாளின் நகலை அதன் பின்னால் பின் செய்து அனுப்புங்கள்.