ட்வீட்டர் ஒரு ரெசிஸ்டர் அல்ல

சிறிய ஸ்பீக்கரைச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள், உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்குக் கிராஸ்ஓவர் (எந்த அதிர்வெண்கள் அதற்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் சுற்று) போட உட்கார்ந்ததும், அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் 8 ஓமைச் சூத்திரத்தில் போட்டுக் கெப்பாசிட்டரின் மதிப்பை எடுத்துவிடுகிறார்கள். 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட வேண்டுமென்றால் 6.6 மைக்ரோஃபாரட் என்று விடை வரும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தச் சூத்திரம் ரெசிஸ்டருக்கு எழுதியது. ட்வீட்டரின் மின்மறுப்போ (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்குவது.

வினை வருவது ஒத்ததிர்வு அதிர்வெண்ணில், அதாவது ட்வீட்டர் தன் இயல்பிலேயே அதிகம் அதிரும் இடத்தில். ஒரு ட்வீட்டர் 1,200 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது, அங்கே அதன் மின்மறுப்பு 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நம் கெப்பாசிட்டரும் அந்த இடத்தில் ஏறத்தாழ 20 ஓம்தான். 8 ஓம் என்று நம்பியவர் அங்கே 8.6 டெசிபல் குறையும் என எதிர்பார்ப்பார். குறைவதோ வெறும் 3 டெசிபல். ட்வீட்டரின் டயாஃப்ரம் (ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வு) எங்கே திணறுமோ, அங்கேயே கதவைத் திறந்து வைத்தாயிற்று. ஒலியளவைக் கூட்டியதும் குரல்களில் கரகரப்பு கேட்கும். பழி ட்வீட்டர் மேல் விழும். வெட்டும் அதிர்வெண் ஒத்ததிர்வைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும் என்பது பழைய வழக்கம். ஒற்றைக் கெப்பாசிட்டரோடு நிறுத்துகிறவருக்கு அதுவும் போதாது என்பேன்.

அடுத்த தவறு, தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரை விடச் சத்தமாக இருக்கும் ட்வீட்டரை அடக்க ஒரே ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போடுவது. 6 ஓம் சேர்த்தால் ஒலி 5 டெசிபல் குறையும், சரி. ஆனால் கெப்பாசிட்டர் இப்போது பார்ப்பது 14 ஓம். 3,000 ஹெர்ட்ஸ் சத்தமில்லாமல் 1,700-க்கு இறங்கிவிடும். நானும் இப்படி ஒரு ஜோடியைக் கட்டிவிட்டு, ஏன் இரைகிறது என்று நாள்கணக்கில் பெட்டியைக் குடைந்திருக்கிறேன். தொடரில் 3.3 ஓம், ட்வீட்டருக்குப் பக்க இணைப்பில் 10 ஓம் என்று இரண்டாகப் பிரித்துப் போட்டால் குறைவது கிட்டத்தட்ட அதே 5 டெசிபல். கெப்பாசிட்டருக்குத் தெரியும் சுமையும் 8 ஓமுக்கு அருகிலேயே நிற்கும். பக்க இணைப்பு ரெசிஸ்டர் அந்த 20 ஓம் மேட்டையும் தட்டிச் சமன் செய்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

கெப்பாசிட்டரோடு கம்பிச் சுருளான காயிலும் சேர்த்து இரண்டாம் படிக்கு (இன்னும் செங்குத்தாக வெட்டும் சுற்றுக்கு) போகிறவர்கள் முனைகளை மறந்துவிடுகிறார்கள். வூஃபருக்கும் அதே படி என்றால், பெரும்பாலும் ட்வீட்டரின் கூட்டல், கழித்தல் கம்பிகளை மாற்றி இணைக்க வேண்டியிருக்கும். இரு விதமாகவும் இணைத்துக் கேளுங்கள். வெட்டும் இடத்தில் ஒலி பள்ளம் விழாத இணைப்பே நமக்கு வேண்டியது.

உறுப்புகளைப் பற்றிச் சுருக்கமாக: முனை குறித்த எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இங்கே ஆகாது, முனையற்றதோ பாலிப்ரொப்பிலீனோ வேண்டும். கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்கான காயிலை வூஃபருக்கான காயிலுக்கு ஒட்டி ஒரே திசையில் படுக்க வைக்காதீர்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 0.6 மில்லிஹென்றி காயிலும் போட்ட இரண்டாம் படி கிராஸ்ஓவர் பலகையை ட்வீட்டர் இல்லாமல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்துச் சோதிக்கக் கூடாது. சுமை இல்லாதபோது அந்த இரண்டும் 3,000 ஹெர்ட்ஸில் தங்களுக்குள் ஒத்ததிர்ந்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்கு மிஞ்சுவது காயில் கம்பியின் மின்தடை மட்டும், அதாவது ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட்.