விறாந்தைக் கண்ணாடிக் கதவின் பூட்டு: பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறை

விறாந்தைப் பக்கத்து ஸ்லைடிங் கதவு பூட்டுப்படவில்லை என்றால் பலரும் நேரே கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வருவார்கள். புதுசைப் போட்டும் கொஞ்ச நாளில் அதே கரைச்சல் திரும்ப வரும். ஏனென்றால் பெரும்பாலும் பிழை பூட்டில் இருப்பதில்லை. கதவு இறங்கியிருக்கும், அல்லது சில்லு ஓடும் தண்டவாளத்தில் மண் ஏறியிருக்கும். அதனால் பூட்டின் கொக்கி, நிலையில் உள்ள தகட்டின் துளைக்கு நேரே வராமல் தகட்டிலேயே முட்டும். அப்போது திறப்பைப் பலங்கொண்டு திருகினால்தான் பூட்டு உண்மையிலேயே உடைகிறது. எனவே பூட்டில் கை வைக்க முன் கதவைப் பாருங்கள்.

முதலில் சோதனை

கதவை ஒரு சாண் அளவு திறந்து விட்டு, உள்பக்கப் பிடியைத் திருப்பிப் பாருங்கள். கதவின் ஓரத்தில், கொக்கிக்குப் பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அதை விரலால் அமத்திக்கொண்டு திருப்ப வேண்டும். கதவு திறந்திருக்கும்போது கொக்கி வெளியே வந்து நிலையில் அடிபட்டு உடையாமல் இருப்பதற்கான தடுப்பு அது. இது தெரியாமல் நல்ல பூட்டுகளைக் கழற்றி எறிந்தவர்கள் பலர். இதே பொத்தான் உப்புப் பிடித்து இறுகினால், கதவு சாத்தியிருந்தாலும் கொக்கி அசையாது. பொத்தானைச் சுற்றிச் சிலிக்கன் ஸ்பிறே இரண்டு தரம் அடித்து, பத்துப் பதினைந்து தடவை அமத்தி விட்டால் அநேகமாக இளகிவிடும்.

கதவு திறந்திருக்கையில் கொக்கி லேசாக வந்து போனால் பூட்டு நல்லது; கதவின் நேர்தான் தவறியிருக்கிறது. திறந்திருக்கும்போதே கொக்கி இறுக்கமாக இருந்தால் பிழை பூட்டின் உள்ளே. உள்பிடியால் சரியாகப் பூட்டுப்பட்டு, திறப்பால் மட்டும் முடியவில்லை என்றால் பிழை திறப்புப் போகும் உருளையில். இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

நேர் தவறியிருந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு என்று சோக்கட்டி காட்டும். கொக்கியின் நுனியில் சோக்கட்டியைத் தடித்துப் பூசி, கதவைச் சாத்தி, பிடியை மெதுவாகத் திருப்பி, திறந்து பாருங்கள். நிலையில் இருக்கும் பிடிதகட்டில் வெள்ளை அடையாளம் எங்கே பட்டிருக்கிறதோ அங்கேதான் கொக்கி முட்டுகிறது. தகடு வெள்ளை நிறமென்றால் சோக்கட்டிக்குப் பதில் கரியைப் பூசுங்கள். அடையாளம் துளைக்குக் கீழே இருந்தால் கதவு இறங்கியிருக்கிறது. அடையாளமே விழவில்லை என்றால் கதவு முழுதாகச் சாத்துப்படவில்லை. தண்டவாளத்தின் கடைசி மூலையில் ஒரு சின்னக் கல் கிடக்கும், அல்லது ஓரத்தில் உள்ள மயிர்ப்பட்டி பிதுங்கி நிற்கும்.

தண்டவாளமும் சில்லும்

யாழ்ப்பாணத்தில், வலிகாமப் பக்கம் செம்மண் தூள், வடமராட்சிக் கரையிலும் தீவகத்திலும் மணலும் உப்பும். சோளகக் காற்றுக் காலத்தில் இவை தண்டவாளத்தை நிரப்பிவிடும். முதலில் காய்ந்த மண்ணைப் பழைய பல் பிரஷாலோ சின்னத் தும்புப் பிரஷாலோ கூட்டி அள்ளுங்கள். மண் கிடக்கத் தண்ணீர் ஊற்றினால் சேறாகிச் சில்லுக்குள் போகும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அப்படியே காய விட்டால் வெள்ளைப் படிவு தங்கி, சில்லு கரகரக்கும். ஏற்கெனவே படிந்திருந்தால் வினாகிரியில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து, உடனே கழுவிவிடுங்கள். ஊற விட்டால் அலுமினியத்தின் மேற்பூச்சு மங்கும். புளி தேய்ப்பது பித்தளைக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

கீழ்நிலையின் வெளிப்பக்கத்தில் மழைத்தண்ணீர் வடிய நீளவாக்கில் சின்ன வெட்டுத் துளைகள் இருக்கும். குளவி மண் வைத்து அவற்றை அடைத்துவிடும். ஈர்க்கால் குத்தி எடுத்து, தண்டவாளத்தில் ஒரு கோப்பை தண்ணீர் விட்டுப் பாருங்கள். வெளியே வடிய வேண்டும். வடியாவிட்டால் மாரி முழுவதும் சில்லு தண்ணீரில் நிற்கும், அதன் பெயாரிங் கறள் பிடித்து இறுகும், இழுக்கும்போது கதவு ஒரு பக்கம் சரியும். பூட்டுப் பிழைக்கும் மழைத்தண்ணீருக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

தண்டவாளத்தில் எண்ணெயோ கிறீசோ பூசவே கூடாது. எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்தால் அரம் மாதிரிச் சில்லைத் தின்னும். சிலிக்கன் ஸ்பிறேயைத் துணியில் அடித்து மெல்லிசாகத் தடவினால் போதும்.

துப்புரவு செய்த பின்னும் கதவு இறங்கியே நின்றால் சில்லை உயர்த்த வேண்டும். கதவின் கீழ்மூலைகளில், ஓரத்திலோ முகத்திலோ, சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் உயரம் மாற்றும் திருகாணி இருக்கும். பெரும்பாலும் 2ஆம் நம்பர் நட்சத்திர ஸ்குரூ ட்றைவர் பொருந்தும். கதவின் அடியில் ஒரு தட்டையான பாரைக் கொடுத்து, ஒருவர் பாரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புங்கள். பாரத்தோடு திருப்பினால் திருகாணியின் தலை தேய்ந்து போகும், பிறகு எதுவும் செய்ய முடியாது. அநேகமான கதவுகளில் வலஞ்சுழியாகத் திருப்பினால் கதவு உயரும். கால் சுற்றுக்கு ஒரு தரம் சாத்திப் பாருங்கள். கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்தால் வித்தியாசம் 1 மில்லிமீற்றருக்குள் வர வேண்டும்.

திருகாணி கடைசிவரை போயும் கதவு உயரவில்லை என்றால் சில்லு தேய்ந்துவிட்டது. கதவைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். தனியாக முயல வேண்டாம். 5 மில்லிமீற்றர் தடிப்புக் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 12.5 கிலோ இருக்கும். 0.9 மீற்றர் அகலம், 2.1 மீற்றர் உயரமான கதவில் கண்ணாடி மட்டுமே 23 கிலோவுக்கு மேல், அதற்கு மேல் சட்டத்தின் பாரம். இரண்டு பேர், தடித்த கையுறை, சப்பாத்து. மேல்நிலைக்குள் கதவு எழும்பாமல் தடுக்கும் கட்டை இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பிறகு சில்லை முழுதாக உள்ளே இறக்கி, கதவை நேராக மேலே தூக்கி, அடிப்பக்கத்தைத் தண்டவாளத்திலிருந்து விலக்கி எடுத்து, சாக்கு விரித்து அதில் கிடத்துங்கள். பழைய சில்லைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். விட்டம், அகலம், தவாளிப்பு மூன்றும் ஒத்திருக்க வேண்டும். இரண்டு சில்லையும் ஒன்றாகவே மாற்றுங்கள். குருநகர், காரைநகர், பருத்தித்துறை போல் கடலோரமென்றால், எவர்சில்வர் பெயாரிங் உள்ள நைலோன் சில்லைத் தவிர வேறொன்றும் நிலைக்காது.

பிடிதகடு

கதவு நேராக நின்றும் சோக்கட்டி அடையாளம் துளைக்கு வெளியே விழுந்தால் பிடிதகட்டை நகர்த்துங்கள். அதன் திருகாணித் துளைகள் நீள்வட்டமாக இருப்பது இதற்காகத்தான். இரண்டு திருகாணியையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, 1 அல்லது 2 மில்லிமீற்றர் நகர்த்தி, இறுக்கி, மறுபடி சோக்கட்டி போட்டுப் பாருங்கள். இன்னும் அரை மில்லிமீற்றர் போதாவிட்டால் தகட்டின் துளையை மெல்லிய அரத்தால் அராவலாம். கொக்கியை மட்டும் அராவாதீர்கள். அது பாரம் தாங்கும் பகுதி, மேற்பூச்சுப் போனால் ஒரு மாரியிலேயே கறள் பிடிக்கும்.

அரைச்சந்திர வடிவப் பூட்டுப் போட்ட கதவுகளில் இந்த வேலை இன்னும் சுகம். பூட்டை இரண்டு திருகாணிதான் பிடிக்கிறது. அவை தளர்ந்துதான் அநேகமான பிழைகள் வருகின்றன.

திறப்புப் போகும் உருளை

இதற்குள் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் எத்தனையோ உருளைகளைக் கெடுத்திருக்கிறது. விட்டவுடன் லேசாகத் திரும்பும். பிறகு தூசியோடு பிசினாகி உள்ளே உள்ள சின்ன ஊசிகளை ஒட்டிப் பிடிக்கும். டபிள்யூ.டி. 40 ஸ்பிறே ஈரத்தைத் துரத்தவும் இறுகியதை இளக்கவும் நல்லது, ஆனால் நெடுநாள் மசகு அல்ல. பிசின் பிடித்த உருளைக்குள் அதை அடித்து, திறப்பைப் போட்டுப் போட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் திறப்பைத் துடையுங்கள். அழுக்கு வருவது நின்றதும் ஒரு நாள் உலர விட்டு, பென்சில் கரியைத் தூளாக்கித் திறப்பின் பற்களில் பூசி உள்ளே விடுங்கள். 2பி அல்லது 4பி பென்சில் போதும். எண்ணெய் ஈரம் இருக்கக் கரியைப் போட்டால் கட்டியாகும். அந்தக் கரியைப் பித்தளை உருளையைத் தாண்டி அலுமினியச் சட்டத்தில் சிந்த விடாதீர்கள். உப்பீரம் சேரும்போது கரி பட்ட இடத்தில் அலுமினியம் அரிக்கும். மசகு போட்டும் கரடுமுரடாக இருந்தால் உபரித் திறப்பைப் போட்டுப் பாருங்கள். அது லேசாகத் திரும்பினால் தேய்ந்தது திறப்புத்தான்.

திறப்பு உள்ளே முறிந்தால், பசை தடவிய கம்பியை விட்டு ஒட்டி இழுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பசை உருளையையும் சேர்த்து ஒட்டிவிடும். திறப்பு நுழையும் நிலைக்கு உருளையைத் தட்டை ஸ்குரூ ட்றைவரால் மெதுவாகத் திருப்பி, மிக மெல்லிய வாள் அலகைப் பற்கள் மேல்நோக்கவும் பின்சாயவும் இருக்கும்படி திறப்பின் வெட்டுப் பக்கமாக உள்ளே விட்டு, கொளுவி இழுங்கள்.

உருளையை மாற்றுவது பத்து நிமிட வேலை. கதவின் ஓரத்தில், உருளைக்கு நேரே உள்ள நீளத் திருகாணியைக் கழற்றுங்கள். திறப்பைப் போட்டுக் கொஞ்சம் சரித்து, உருளையின் நடுவில் உள்ள நாக்கு உடலுக்குள் அடங்கும் கோணத்தைக் கண்டுபிடித்து, ஆட்டி இழுத்தால் வந்துவிடும். திருகாணித் துளையின் மையத்திலிருந்து இரண்டு முனைக்கும் தனித்தனியே அளந்து, அதே அளவில், 30க்கு 30 அல்லது 35க்கு 35 என்று கேட்டு வாங்குங்கள். வெளிப்பக்கம் 3 மில்லிமீற்றருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் குறட்டால் பிடித்து முறிப்பது கள்ளனுக்குச் சுலபம்.

பூட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டி வந்தால்

உள்வில் முறிந்தாலோ, பிடி திரும்பியும் கொக்கி அசையாவிட்டாலோ திருத்த முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். கைபிடியைக் கழற்றி, ஓரத்துத் திருகாணிகளை எடுத்து, பெட்டியை வெளியே இழுங்கள். முகத்தகட்டுத் திருகாணித் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், முகத்தகட்டின் அகலம், பெட்டியின் ஆழம், கொக்கி மேலே திரும்புகிறதா கீழேயா, பிடியின் தகடு நுழையும் வெட்டு நேரா 45 பாகைச் சரிவா: இவ்வளவும் பொருந்த வேண்டும். பழையதையே கொண்டு போவது மேல். புதுப் பெட்டியைப் பொருத்தும்போது கைபிடித் திருகாணிகளை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் சட்டம் அமுங்கிப் பெட்டி இறுகும். ஒவ்வொரு இறுக்கலுக்கும் ஒரு தடவை பிடியைத் திருப்பிப் பாருங்கள். திருகாணிகள் எவர்சில்வராக இருக்கட்டும், புரியில் துளி கிறீஸ் தடவுங்கள். பித்தளைத் திருகாணி அலுமினியத்தோடு ஒத்துப்போகாது. சுற்றியுள்ள சட்டத்தை அரித்துவிடும்.

பூட்டு இல்லாத இரவுகளுக்கு, ஓடும் கதவு உள்பக்கத் தண்டவாளத்தில் இருந்தால், அதன் பின்னால் மிஞ்சும் நீளத்துக்குச் சரியாக வெட்டிய தடியைக் கிடத்துங்கள்.

பிணைச்சல் போட்ட மரக் கதவு

ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஊதிப் பூட்டு முட்டுவது வழமை. அந்நேரம் சீவ வேண்டாம். மாசியில் மரம் காய்ந்ததும் இடைவெளி பெரிதாகிவிடும். முதலில் மேல் பிணைச்சலின் திருகாணிகளை இறுக்குங்கள். துளை பெருத்திருந்தால் மரப்பசை தடவிய ஈர்க்குத் துண்டுகளை நெருக்கி அடித்து, ஒரு நாள் காய விட்டு, அதே திருகாணியைப் போடுங்கள். கதவு தூக்கி நின்றதும் பூட்டும் நேராகிவிடும்.

எப்போது செய்வது

கரையோர வீடுகளில் மாதம் ஒரு தரம் கொக்கியையும் பிடிதகட்டையும் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். புரட்டாதியில் மாரிக்கு முன் ஒருக்கா, தை பிறந்த பின் ஒருக்கா முழுத் துப்புரவு.

சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கும் பூட்டிய வீடுகள்தான் அதிகம் கெடுகின்றன. அசையாமல் கிடக்கும் பூட்டில் உப்பு உறையும். வீட்டைப் பார்ப்பவரிடம் மாதம் ஒரு தரம் கதவை முழுதாகத் திறந்து சாத்தி, ஒவ்வொரு திறப்பையும் ஐந்தாறு தடவை திருப்பச் சொல்லுங்கள். ஒரு திறப்பு வீட்டுக்குள்ளும் இருக்கட்டும். கண்ணாடியை உடைத்துக் கை விட்டால் எட்டாத தூரத்தில், ஆனால் நெருப்பு, புகை என்று வந்தால் இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய ஒரே இடத்தில், ஆணியில் கொளுவி வையுங்கள்.